படிவத்தில் இல்லாத கேள்வி

மகப்பேறு வைத்தியம் கற்பிக்கும் நூல்களில் ஆத்மா என்னும் சொல் தென்படுவதில்லை. கர்ப்பத்தின் வயதை வாரங்களாலும், சிசுவின் நீளத்தை மில்லிமீட்டராலும், எடையைக் கிராமாலும் அளந்து எழுதப் பழகியபின், அளவுக்கு அகப்படாத எதைப் பற்றியும் வாய் திறவாதிருப்பதே தொழில் தர்மம் என்ற அபிப்பிராயம் எங்களுக்குள் தானாகவே ஊறிவிடுகிறது. எழும்பூர் மகப்பேறு ஆஸ்பத்திரியில் பயிற்சி முடித்து வெளிவந்தபோது எனக்கும் அந்த அபிப்பிராயமே இருந்தது. ஆனால், 1980-ஐ ஒட்டித் திருநின்றவூர் ரயில் நிலையத்துக்குச் சமீபத்தில் ஒரு சிறு வைத்தியசாலையைத் தொடங்கி, அங்கேயே முதுமையும் எய்திவிட்ட எனக்கு, கர்ப்பம் வேண்டாமென்று வந்த பெண்களில் பெரும்பாலோர் முதலில் கேட்ட கேள்வி, சட்டமும் நூலும் கேட்காத கேள்வியாகவே இருந்தது. "உசிரு வந்துடுச்சாம்மா?" என்பார்கள்.

இவ்வூரில் அக்கேள்வி எழுவது அதிசயமன்று. இங்கே கோயில் கொண்டுள்ள பக்தவத்சலப் பெருமாளின் தேவிக்கு என்னைப் பெற்ற தாயார் என்பது திருநாமம். வயிற்றில் பிள்ளையோடு அந்தச் சந்நிதியில் நின்றுவிட்டு நேராக என்னிடம் வந்தவர்கள் அநேகர். சற்றுத் தள்ளி இருதயாலீஸ்வரர் ஆலயம். பொருள் இல்லாமையால் மனத்துக்குள்ளேயே சிலை, தூண், விமானம் எல்லாம் அமைத்து, குடமுழுக்குக்கு நாளும் குறித்த பூசலார் நாயனாரின் ஊர் இது. காஞ்சியில் கற்றளி எடுத்த அரசனின் கனவில் இறைவன் தோன்றி, அதே நாளில் தாம் நின்றவூருக்குப் போகவேண்டியிருப்பதால் உன் விழாவை ஒத்திப்போடு என்று கூறியதாகச் சேக்கிழார் பாடியிருக்கிறார். நாள் தள்ளிப்போன மறு வாரமே பெயர் வைத்து, எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்பது வரையில் தீர்மானித்துக்கொண்டு வரும் தாய்மார்களைக் காணும்போதெல்லாம் எனக்குப் பூசலார் நினைவுதான் வரும். கண்ணுக்குப் புலப்படாத ஐந்து வாரக் கருவுக்கு ஒரு முழுக் குழந்தையின் அந்தஸ்தை அவர்கள் மனமே கட்டிக் கொடுத்துவிடுகிறது. அதே ஐந்து வாரக் கருவோடு, திருவள்ளூர்ப் பக்கத்துச் செங்கல் சூளையிலிருந்து, கைக்குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து நிற்கும் ஒடிசா மாநிலத்துப் பெண்ணின் மனத்திலே அந்தக் கட்டுமானத்துக்கு அஸ்திவாரமும் விழுந்திருக்காது. இருவரின் கருவையும் நான் அளந்தால் ஒரே அளவுதான் வரும்.

நான் மாணவியாக இருந்தபோது அமலில் இருந்தது 1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 312-ஆம் பிரிவு. தாயின் உயிரைக் காப்பதற்காக நல்லெண்ணத்துடன் செய்தாலன்றிக் கருவைக் கலைப்பது குற்றம். கலைத்தவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை. வயிற்றில் சிசு அசையத் தொடங்கிய பிறகு கலைத்தால் ஏழு ஆண்டு வரை. தனக்குத்தானே கலைத்துக்கொண்ட பெண்ணும் குற்றவாளியே. அசைவுக்கு முன், அசைவுக்குப் பின் என்னும் இந்தப் பாகுபாடு ஆங்கிலேயரின் பழைய வழக்கிலிருந்து வந்தது. சிசு துள்ளியதைத் தாய் உணரும் கணத்திலேயே அதற்கு உயிர் ஏறுகிறது என்ற பழைய நம்பிக்கையின் சாயல் அதில் உண்டு. தலைச்சன் பிள்ளையானால் பதினெட்டு வாரத்துக்கு மேலும், அடுத்தடுத்த பிள்ளைகளானால் பதினாறு வார அளவிலும் தாய்மார்கள் அந்தத் துள்ளலை அறிவார்கள். 2024 ஜூலை முதல் தேதியன்று பழைய சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தபோது, அதன் 88-ஆம் பிரிவிலும் இந்தப் பாகுபாடு அப்படியே குடிபுகுந்துவிட்டது.

அந்த 1860-ஆம் ஆண்டுச் சட்டம் கருக்கலைப்பை நிறுத்தவில்லை, இருட்டுக்குள் தள்ளியது. எருக்கங்குச்சியைக் கருப்பைக்குள் செலுத்திக்கொண்டு, காய்ச்சலும் துர்நாற்றமுமாக, சில வேளைகளில் வில்வாதம் கண்டு தாடை இறுகிய நிலையில் கொண்டுவரப்பட்ட பெண்களைப் பயிற்சிக் காலத்தில் பார்த்தவர்களுக்கு, கருக்கலைப்புப் பிரச்சினையை ஆராய 1964-இல் சாந்திலால் ஷா குழுவை மத்திய அரசு ஏன் நியமித்தது என்பதை விளக்க வேண்டியதில்லை. குழு 1966-இல் அறிக்கை அளித்தது. சென்னையில் கல்வி பயின்ற மக்கள்தொகை அறிஞர் எஸ். சந்திரசேகர் மத்திய சுகாதாரப் பொறுப்பில் இருந்தபோது, வரம்புக்குட்பட்ட கருக்கலைப்பை அனுமதிக்கும் மசோதா பாராளுமன்றத்துக்கு வந்து, 1971-இல் சட்டமாகி, 1972 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்தது. பன்னிரண்டு வாரம் வரையில் ஒரு வைத்தியரின் அபிப்பிராயம் போதும். இருபது வாரம் வரையில் இருவர் வேண்டும். 2021-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இருபது வாரம் வரை ஒருவர், விதிகளில் சொல்லப்பட்ட பெண்களுக்கு இருபத்து நான்கு வாரம் வரை இருவர், அதற்கும் மேலே சிசுவுக்குக் கடுமையான குறைபாடு இருந்தால் மருத்துவக் குழு என்றாயிற்று. தாயின் உயிர், உடல் நலம், மன நலம், சிசுவின் குறைபாடு, பலாத்காரம், கருத்தடை பயன்படாமற் போனது ஆகியவற்றையெல்லாம் பேசும் அந்தச் சட்டத்தில் ஆத்மாவைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

சம்மதத்துக்கான 'சி' படிவத்தை நான் பல தடவை உரக்க வாசித்துக் காட்டியிருக்கிறேன். பெண்ணின் பெயர், வயது, விலாசம், கையொப்பம், அவ்வளவே. பதினெட்டு வயது நிறைந்தவளானால் கணவனின் கையொப்பத்துக்கு அதில் இடமே இல்லை என்று சொன்னால், உடன் வந்த ஆண்கள் நம்பமாட்டார்கள். படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள்.

வாதம் முழுவதும் அந்தக் கையொப்பத்தைச் சுற்றித்தான் நடக்கும். மைட்ரல் வால்வு சுருங்கிப்போன ஒரு பெண்ணை, பத்து வாரக் கர்ப்பத்தில், அவளுடைய மாமியார் அழைத்து வந்திருந்தார். மூச்சு வாங்கியது, இரவில் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குவதாகச் சொன்னாள். மாதம் ஏற ஏற இரத்தத்தின் அளவு பெருகும், சுருங்கிய வால்வு அதைத் தாங்காது, நுரையீரலில் நீர் கோத்து உயிருக்கே ஆபத்து வரலாம் என்று இருவருக்கும் விளக்கினேன். மாமியார் கேட்டுவிட்டு, "உசிரக் கொல்ற பாவம் எங்க குடும்பத்துக்கு வாணாம்மா. இருதயாலீஸ்வரர் பாத்துப்பாரு" என்றார். அந்த நம்பிக்கையை நான் இகழவில்லை. இருதய நோயாளிகள் எங்கெங்கிருந்தோ வந்து வேண்டிக்கொள்ளும் சந்நிதி அது. மாமியாரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பெண்ணிடம் தனியாகப் பேசினேன். வீட்டில் இரண்டு வயதுப் பெண் குழந்தை இருக்கிறது, அதை யார் பார்ப்பார்கள் என்பது ஒன்றையே அவள் கேட்டாள். கையொப்பம் இட்டாள். சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். கர்ப்பம் அங்கே நிறுத்தப்பட்டு, பின்னர் வால்வுக்கும் சிகிச்சை ஆயிற்று.

சில காலம் கழித்து அதே மாமியார் இளைய மருமகளோடு வந்தார். ஏற்கனவே இரண்டு பெண்கள், நான்காம் மாதம். எங்கோ ஸ்கேன் பார்த்து இதுவும் பெண்தான் என்று யாரோ சட்டவிரோதமாகச் சொல்லியிருக்கிறார்கள். எடுத்துவிட வேண்டும் என்றார். அது நடவாது, 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைச் சொன்னவரும் குற்றவாளி, கேட்டவரும் குற்றவாளி என்று சொல்லிவிட்டு, அன்றைக்குச் சொன்ன பாவம் இன்றைக்கு எங்கே போயிற்று என்று கேட்டேன். "அது வேறம்மா" என்றார். அந்தப் பதிலில் கள்ளம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆத்மாவைப் பற்றிய நம்பிக்கை அவருக்கு மெய்யாகவே இருந்தது. ஆனால், குடும்பத்துக்கு எது வேண்டும் என்பது முதலில் முடிவாகி, அதன்பின்னரே அந்த நம்பிக்கை சாட்சிக்கு அழைக்கப்பட்டது. என் அனுபவத்தில் பெரும்பாலும் அப்படித்தான். பிறர் வயிற்றைப் பற்றிப் பேசும்போது எல்லோருக்கும் ஆத்மா ஞாபகத்துக்கு வருகிறது.

இதனாலேயே சாஸ்திரங்கள்தாம் என்ன சொல்கின்றன என்று இரவு வேளைகளில் படிக்கலானேன். படித்தது மனத்தைத் தெளிவிக்கவில்லை. ஒரு விதத்தில் ஆறுதல் மட்டும் தந்தது. சரகர், சுக்கிலமும் சோணிதமும் ஜீவனும் ஒன்றுகூடும்போதே கர்ப்பம் உண்டாகிறது என்கிறார். அவர் கணக்கில் முதல் நாளே ஜீவன் உண்டு. சுச்ருதர் நான்காம் மாதத்தில் இருதயம் வெளிப்படுவதையும், அப்போது தாய்க்கு இரண்டு இருதயங்கள் ஆவதையும் சொல்லி, மனம் ஐந்திலும் புத்தி ஆறிலும் விளங்கும் என்கிறார். கர்ப்போபநிஷத்து ஏழாம் மாதத்திலேதான் ஜீவன் சேர்வதாகக் கூறும். கருவைக் கொல்வதை மகாபாதகங்களோடு வைத்து எண்ணும் தர்மசாஸ்திரமே, கலைந்த கர்ப்பத்துக்கு எத்தனை மாதமோ அத்தனை இரவுகள் தீட்டு என்று படிப்படியாக வகுத்தும் வைத்திருக்கிறது. திருமூலர் கரு உற்பத்தியை விரித்துரைக்கிறார். மாணிக்கவாசகர் போற்றித் திருவகவலில் கருவிலிருக்கும் உயிர் மாதந்தோறும் தப்பிப் பிழைக்கும் இடர்களைச் சொல்லிச் செல்கிறார். இத்தனைக்கும் எதிர்க்கரையில் நின்று, ஆத்மா என்பதே பொய் என்று சொன்ன பெரியார், கர்ப்பத்தடையைத் தேச நலனுக்காகவோ குடும்பச் செலவுக்காகவோ அல்லாமல் பெண்ணின் விடுதலைக்காகவே வேண்டுமென்றார்.

பிற மதங்களிலும் இந்த ஏற்ற இறக்கம் உண்டு. ஆவடியிலிருந்து வந்த ஓர் இஸ்லாமியப் பெண், தன் குடும்பத்துப் பெரியவரிடம் கேட்டு, நூற்றிருபது நாள் ஆகிவிட்டதா என்று தேதிவாரியாக விரல்விட்டு எண்ணிக்கொண்டே என்னிடம் பேசினாள். அந்நாளிலேதான் சிசுவுக்குள் ரூஹ் ஊதப்படுகிறது என்பது அவர்கள் மார்க்கத்தில் பரவலான கொள்கை. அரிஸ்டாட்டில் ஆண் சிசுவுக்கு நாற்பது நாள், பெண் சிசுவுக்குத் தொண்ணூறு நாள் என்று வேறு வேறு கணக்குச் சொன்னார். அவரைப் பின்பற்றிய தாமஸ் அக்வினாஸ் முதலிய கத்தோலிக்க ஞானிகளும், மனித ஆத்மா தாமதித்தே வருகிறது என்று நெடுங்காலம் கொண்டிருந்தார்கள். ஆன்மா புகுந்த சிசு, புகாத சிசு என்ற பேதத்தைத் தண்டனை விதிகளிலிருந்து 1869-இல் நீக்கியவர் போப் ஒன்பதாம் பயஸ். தொண்ணூறு நாள் கணக்கைப் படித்தபோது எனக்கு அந்த மாமியாரின் முகம் தோன்றாமல் இல்லை.

எங்கள் கருவிகளும் இந்த விவகாரத்தில் தம் பங்கைச் செய்திருக்கின்றன. நான் தொழில் தொடங்கியபோது கையிலிருந்தது பின்னார்ட் குழல். அகன்ற வாயைத் தாயின் வயிற்றில் அழுத்தி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்டால், இருபது வார அளவில் சிசுவின் இருதய ஒலி கேட்கும். பிறகு டாப்ளர் வந்தது. பத்துப் பன்னிரண்டு வாரத்திலேயே குதிரைக் குளம்படி போன்ற அந்தச் சத்தத்தை அறை முழுவதும் கேட்கச் செய்தது. உள்வழி ஸ்கேன் வந்தபின் ஆறு வாரத்திலேயே திரையில் ஒரு புள்ளி துடிப்பதைக் காட்டலாம். "உசிரு வந்துடுச்சா" என்ற பழைய கேள்வி, கொஞ்சம் கொஞ்சமாக, "ஹார்ட்பீட் வந்துடுச்சா டாக்டர்" என்றாகிவிட்டது. இருதயத் துடிப்பே உயிர் வந்ததற்கு அடையாளம் என்று கொண்டால், என் தொழில் வாழ்க்கைக்குள்ளேயே உயிர் பதினான்கு வாரம் முந்தி வரத் தொடங்கிவிட்டது என்று சொல்லவேண்டும். அந்தப் புள்ளி துடிக்கும் பருவத்தில் கருவை வெளியேற்றினால், உறிஞ்சி எடுத்ததைத் தட்டில் நீர் விட்டு அலசி, வெண்மையான மெல்லிய இழைகள் விரிந்து மிதக்கின்றனவா என்று விளக்கொளியில் பார்ப்போம். கர்ப்பம் முழுவதும் வந்துவிட்டது என்பதற்கு அந்த இழைகளே அத்தாட்சி. அந்தத் தட்டைப் பார்க்கவேண்டும் என்று கேட்ட பெண்களுக்கு நான் மறைத்ததில்லை. சிலர் பார்த்துவிட்டு ஆறுதலடைந்தார்கள், சிலர் அழுதார்கள்.

நீதிமன்றங்களிலும் இருதயமே முன்னால் வந்து நிற்கிறது. 2008-இல் நிகேதா மேத்தா என்பவர், தம் சிசுவின் இருதயத்தில் கடுமையான கோளாறு என்று அறிந்து, இருபது வாரம் கடந்தபின் பம்பாய் உயர் நீதிமன்றத்தை அணுகினார், அனுமதி மறுக்கப்பட்டது. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மணமாகாத பெண்ணுக்கும் இருபத்து நான்கு வாரம் வரை சம உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் காக்களூரிலும் வேலை செய்து, விடுதிகளில் தங்கியிருக்கும் பெண்கள் கழுத்தில் பொய்த் தாலியோடு வந்த காலத்தை அறிந்த எனக்கு அத்தீர்ப்பு மிகுந்த நிம்மதியைத் தந்தது. மறு ஆண்டு அக்டோபரில், இரண்டு குழந்தைகளுக்குத் தாயாகி மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றுவந்த ஒருத்தியின் இருபத்தாறு வாரக் கர்ப்பம் பற்றிய வழக்கில், அதே நீதிமன்றம் முதலில் அனுமதித்து, சிசு பிழைக்கக்கூடியது, அதன் இருதயத்தை நிறுத்துவதா என்று எய்ம்ஸ் வைத்தியர் கேட்டபின், நீதிபதிகள் இருவர் மாறுபட்டு, மூவர் அமர்வு மறுத்தது. அம்முடிவோடு எனக்கு முழு உடன்பாடில்லை. ஆயினும் வாதம் நடந்த பாஷை எனக்கு ஏற்புடையது. சிசு பிழைக்குமா, தாய்க்கு என்ன ஆகும், சட்டத்தின் வரம்பு எது என்றே பேசினார்கள்.

பாஷை மாறினால் என்னாகும் என்பதற்கு, பெல்காமைச் சேர்ந்த பல் வைத்தியர் சவிதா ஹலப்பனவாரின் கதை போதும். அயர்லாந்தின் கால்வே நகரில், 2012 அக்டோபரில், பதினேழு வாரக் கர்ப்பம் கலையத் தொடங்கி, காப்பாற்ற இயலாது என்று தெரிந்தபின்னும், சிசுவின் இருதயம் துடித்துக்கொண்டிருந்தமையால் கர்ப்பத்தை முடிக்க மறுத்துவிட்டார்கள். இரத்தத்தில் கிருமி பரவி அவர் மாண்டார். அந்நாட்டு அரசியல் சாசனத்தில் 1983-இல் சேர்க்கப்பட்டிருந்த தடையை மக்கள் 2018-இல் வாக்களித்து நீக்கினார்கள். கலையும் கர்ப்பம், உடைந்த பனிக்குடம், ஏறும் காய்ச்சல் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் என்ன செய்யவேண்டும் என்பது எங்கள் பயிற்சி வைத்தியருக்கும் தெரியும்.

இவ்வளவும் சொன்னதால், ஆத்மாவைப் பற்றிய பேச்சை வைத்தியசாலைக்கு வெளியிலேயே செருப்போடு சேர்த்து விட்டுவர வேண்டும் என்று நான் கருதுவதாக எண்ணலாகாது. சட்டத்தில் அதற்கு வேலையில்லை; கட்டிலருகில் உண்டு. சிசுவுக்கு மண்டையோடும் மூளையும் வளரவில்லை என்று பத்தொன்பதாம் வாரத்தில் அறிந்த ஒரு பெண், கர்ப்பத்தை முடித்துக்கொள்ள ஒப்பியபின், "இந்த உசிரு எங்கம்மா போவும்?" என்று கேட்டாள். எங்கள் நூல்களில் விடையில்லாத கேள்வி அது. உங்கள் வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். "திரும்ப என் வவுத்துக்கே வரும்னு ஆயா சொல்லுது. மச்சத்தோட வந்து பொறக்குமாம்" என்றாள். அதை நான் மறுக்கவில்லை, ஆமோதிக்கவும் இல்லை. அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே ஃபோலிக் அமில மாத்திரை தொடங்கவேண்டும் என்று எழுதிக்கொடுத்தேன். அவளுக்கு இரண்டும் ஒரே விஷயமாகவே பட்டிருக்க வேண்டும். மாத்திரைச் சீட்டைச் சுவாமி படத்தின் பின்னால் செருகி வைத்திருந்ததாகப் பின்னர் அவள் ஆயாவே என்னிடம் சொன்னார்.

எங்களிடம் நெடுநாள் பணியாற்றிய நர்ஸ் ஒருவர் கத்தோலிக்கர். கருக்கலைப்பு நடக்கும் அறைக்குள் அவர் வரமாட்டார். நானும் ஒருபோதும் வற்புறுத்தியதில்லை. ஆனால், சிகிச்சை முடிந்து வெளியே வரும் பெண்ணுக்குச் சூடாகக் காப்பி கலந்து கொடுத்து, இரத்தப்போக்கு எவ்வளவு என்று துணியைப் பார்த்து, ரயிலுக்கு நேரமாகும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அவரே. அவருடைய ஆத்ம நம்பிக்கை அவர் கையைத்தான் கட்டியது. பிறர் கையைக் கட்ட அவர் முயன்றதில்லை.

என்னோடு இந்த விஷயத்தில் ஓயாமல் வாதாடியவர், இவ்வூரில் வசித்த ஒரு தமிழாசிரியர். சைவ சித்தாந்தத்தில் தோய்ந்தவர். ஆன்மா அநாதி, அதைப் படைத்தவருமில்லை, அழிப்பவருமில்லை என்பது அவர் சித்தாந்தம். அப்படியானால் கருக்கலைப்பால் ஆன்மாவுக்கு நஷ்டம் ஏது என்று கேட்டேன். வினையைக் கழிக்க அது எடுத்த உடம்பை நாம் பறிப்பது அதன் பயணத்தைத் தடுப்பதாகும் என்றார். பயணத்தைப் பற்றி நீதிமன்றத்தில் யார் சாட்சி சொல்வது என்றேன். அப்போது அவர் விடாமல் ஒரு கேள்வி கேட்டார்: "முப்பதாம் வாரத்தில் ஒருத்தி ஆரோக்கியமான கர்ப்பத்தோடு வந்து வேண்டாமென்றால், அம்மா செய்வீர்களோ?"

செய்யமாட்டேன் என்றேன். ஏன் என்றார். முப்பது வாரத்தில் பிறந்த குழந்தைகளைக் கையில் ஏந்தி மூச்சுக் கொடுத்திருக்கிறேன், அவை பிழைத்துப் பள்ளிக்கூடம் போகின்றன என்றேன். "அது உங்கள் இன்குபேட்டரின் பெருமை. டாப்ளர் வந்ததும் உயிர் முந்தி வந்துவிட்டதாகப் பரிகாசம் செய்தீர்களே, அந்த நியாயம் இதற்கும் பொருந்தாதோ?" என்றார்.

பொருந்தும் என்றுதான் சொன்னேன். கருவி மேம்பட்டால் நான் வைத்திருக்கும் கோடும் நகரும், நகர்ந்தும் இருக்கிறது. ஆனால், அந்தக் கோட்டை எந்த மதத்தவரும், மதமற்றவரும், எண்ணிக்கை காட்டி எதிர்க்கலாம். எத்தனை வாரத்துக் குழந்தை எத்தனை பிழைத்தது என்று ஏடு இருக்கிறது. இருபதை இருபத்து நான்காக்கியது அவ்வாறு நடந்த வாதமே. நூற்றிருபது நாளையோ ஏழாம் மாதத்தையோ அவ்விதம் எதிர்க்க ஒருவருக்கும் வழியில்லை. எந்த ஆசாரியர், எந்த நூல் என்பதோடு அது முடிந்துபோகிறது. ஆசிரியர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, நகர்கின்ற கோட்டின் மேல் ஓர் உயிரை நிறுத்துவது தமக்குச் சம்மதமில்லை என்றார். எனக்கோ, நகராத கோடுகள் அரை டஜன் இருப்பதுதான் சங்கடம். மறுநாள் மாலையும் அதே பெஞ்சில் விட்ட இடத்திலிருந்து தொடங்கினோம். அன்று அவர் கையில் சிவஞான சித்தியார் இருந்தது, என் கையில் 2021-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் அச்சுப் பிரதி.